நீச்சல் என்று ஒரு இலக்கு

புதிதாக வந்த பேசும் அடுப்புக்கான படிவம் நிரப்பும் அவசரத்தில் பிரவுசிங் சென்டர்காரர், தெருவில் எல்லாருக்கும் 'வாழ்க்கை இலக்கு: நீச்சல் கற்றல்' என்றே தட்டிவிட்டார். இலக்குக்கான அன்றைய பயிற்சியை முடிக்காமல் யார் வீட்டிலும் அந்த அடுப்பு பற்றாது. ஐம்பத்திரண்டு வயதுக் கோமளவல்லி எட்டு மாதம் குளத்துத் தண்ணீரைக் குடித்தாள். அந்த ஆளைத் திட்டாத நாளில்லை. இன்று ஒருவழியாக அக்கரை தொட்டுவிட்டாள்.

ஈரத் தலையோடு வந்து அடுப்பைத் திருகினாள்.

"இலக்கை அடைந்துவிட்டீர்கள். அடுத்தது என்ன? சொன்னால்தான் பற்றுவேன்" என்றது அடுப்பு.

"சோறு வடிக்கணும். வேறென்ன?"

"அது வேலை. உங்களுக்கு என்ன வேண்டும்?"

ஊறிய அரிசியைப் பார்த்தபடி நின்றாள். யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் வந்தது. செருப்பை மாட்டினாள்.

"பசிக்குது, எங்க கிளம்பிட்ட?" என்றார் கணவர்.

"அந்த ஆளையே இன்னொண்ணு போட்டுத் தொலைக்கச் சொல்லிட்டு வரேன்."