கால் தரிக்காதவர்

“சிலை திறப்புக்கு உங்கப்பா மட்டும் வர வேண்டாம்” என்றார் சிற்பி.

“ஏன், அவர் வந்தா உங்க மானம் கப்பலேறிடுமா?” என்று மனைவி சீறினாள்.

“ஏறிடும்.”

அப்பாவும் சாய்வு நாற்காலியை விட்டு அசையவில்லை. “ரெண்டு பஸ் மாறணுமாமே! நான் தெருமுனைக்குப் போயே வருஷக்கணக்காச்சும்மா.”

அவள் வீம்புக்கு அவரை இழுத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தாள்.

மேயர் திரையை விலக்கினார். “அறுநூறு ஆண்டுகளுக்கு முன் உலகையே சுற்றிய வணிகர்! ஓரிடத்தில் கால் தரிக்காதவர் என்று இந்த முகமே சொல்கிறது!”

கூட்டம் சிலையைப் பார்த்தது. பிறகு அப்பாவைப் பார்த்தது. அதே மூக்கு, அதே மோவாய்.

சிற்பி மனைவியிடம் முணுமுணுத்தார். “வணிகருக்குப் படமே கெடையாது. ஆறு மாசம் அசையாம உட்கார எனக்கு வேற யாரு கெடைப்பா?”

அப்பா கொட்டாவி விட்டார். “பாத்தாச்சுல்ல? வீட்டுக்குப் போலாமா?”