இரண்டாவது குடுவை

"மூச்சை அடக்கினீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே."

பியோ சோன்ஜூ கையிலிருந்த கடிதத்தை மேசையில் போட்டாள். கொரியாவின் மேற்குக் கடலோரத்தில் இருந்த அந்தக் காற்று அளக்கும் நிலையத்துக்கு அவள் தலைவியாக வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அமெரிக்க ஆய்வுக்கூடத்திலிருந்து புகார். வந்ததும் வராததுமாகக் கெட்ட பேர் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

எதிரே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார் ஹாம் கியூசொக். வாராவாரம் கடல்முனைக்குப் போய் இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்புவது பதினெட்டு வருடமாக அவர் வேலை. தூரத்திலேயே மூச்சை அடக்கிக்கொண்டு போய், குடுவையைத் திறந்து, மூடி, விலகி வந்த பிறகுதான் மூச்சு விட வேண்டும். அதுதான் விதி.

"அடக்கினேன் மேடம்."

"முதல் குடுவை எப்பவும் சுத்தம். ரெண்டாவது மட்டும் பதினோரு வாரமா கெட்டுப் போய் வருதாம். யாரோ உள்ள மூச்சு விட்டிருக்காங்க, ஆளை மாத்துங்கன்னு ஆய்வுக்கூடத் தலைவரே எழுதியிருக்கார்."

ஹாமின் முகம் வெளுத்தது. "மாத்தாதீங்க மேடம். வேற என்ன தண்டனை வேணாலும் குடுங்க. இந்த வேலையை மட்டும் பிடுங்கிடாதீங்க."

"சம்பளம் குறையாதுண்ணே. ஆபீஸ்லயே உக்காரலாம். குளிர்ல முனைக்கு நடக்க வேணாம்."

"சம்பளத்துக்காக இல்ல."

"பின்னே?"

அவர் தொப்பியைத் திருகினார். சோன்ஜூவுக்கு எரிச்சலாக வந்தது.

"நீங்க பிடிக்கறது சும்மா காத்து இல்லண்ணே. பத்து லட்சம் பங்குல கரியமில வாயு நானூத்திச் சொச்சம்தான். அந்தத் துக்கடாதான் பூமி விடற சூட்டை வெளியே போகவிடாம மறிக்குது. அது ரெண்டு ஏறினாலே உலகம் பதறுது. நம்ம மூச்சுலயோ அது நூறு மடங்கு. ஒரு தடவை ஊதினா அந்தக் குடுவையே பாழ்!"

"தெரியும் மேடம். குளிர்காலத்துல அடியில சூடேத்தின வீட்டுத் தரையில சோத்துக் கிண்ணத்தை வச்சு மேல போர்வையைப் போடறோமே, அதே கதைதான். போர்வை இல்லேன்னா சோறு ஜில்லுனு ஆயிடும். மேல மேல போர்த்தினா புளிச்சுப் போயிடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாத்தான் சொல்றீங்க. லேட்டா வர்றவங்களுக்கு எங்கம்மா அப்படித்தான் வைப்பாங்க. இந்தக் காலத்துல யார் வைக்கிறா?"

"நான் வைக்கிறேன்."

"நீங்களா? தனியாத்தானே இருக்கீங்க?"

"பொண்ணுக்கு வைக்கிறேன். போரான்னு பேரு." அவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். "அவ அம்மாவுக்கு நோய் முத்திப்போனதை அவகிட்ட சொல்லாம மறைச்சேன் மேடம். வெளிநாட்டுல பரீட்சை எழுதிட்டிருந்தா. மனசு கலைஞ்சிடுமேன்னு பார்த்தேன். அவ வந்து சேர்ந்தப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. ‘இனிமே உங்க மூச்சுக்காத்துகூட என் மேல படக்கூடாது’ன்னு சொல்லிட்டுப் போனவதான். நாலு வருஷம் ஆச்சு. போன் எடுக்கறதில்ல. கடுதாசி போட்டா பிரிக்காமலே திரும்பி வருது. எனக்கு அவளைப் பார்க்கணும்போல இருக்கு மேடம். வேற ஒண்ணும் வேணாம்."

சோன்ஜூவுக்குப் பாவமாக இருந்தது. குரல் தானாக இறங்கியது.

"அந்த நினைப்புலதான் மூச்சடக்க மறந்துடறீங்களாண்ணே?"

அவர் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"சரி, ஒண்ணு செய்யறேன். அமெரிக்காவுல குடுவையைக் கழுவறதுலயே கோளாறு இருக்கலாம் இல்லையா? அதுக்கு உங்களை எதுக்குப் பலி குடுக்கணும்?"

காலையில் வந்திறங்கிய பெட்டியைப் பிரித்தாள். ஆய்வுக்கூடத்தில் குடுவைகளைத் திறந்து அளந்த பிறகு, கழுவி, சுத்தக் காற்று நிரப்பி, அடுத்த வாரத்துக்கென்று திருப்பி அனுப்புவார்கள். முதல் குடுவையைக் கரியமில வாயு அளக்கும் கருவியில் மாட்டினாள். நானூற்று ஒன்று. எண் அசையாமல் நின்றது.

"இது சுத்தம்."

இரண்டாவதை மாட்டினாள். அறுநூறு. ஆயிரத்து இருநூறு. மூவாயிரம். கருவி கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"பார்த்தீங்களா! அங்கயே யாரோ நெஞ்சு நிறைய இழுத்து உள்ள ஊதியிருக்காங்க! தப்பு அவங்களுது, புகார் உங்க மேலயா? இருங்க, நான் எழுதற பதில்ல வறுத்தெடுத்துடறேன். கழுவினவங்க பேரு சீட்டுல இருக்குமே..."

பெட்டியின் அடியில் கிடந்த சீட்டை எடுத்தாள். எழுதுவதற்குப் பேனாவையும் திறந்துகொண்டாள். உரக்கப் படித்தாள்.

"திறந்து கழுவியவர்: ஹாம் போரா."

பேனா அப்படியே நின்றது.

"அந்தக் குடுவையை மூடிடுங்க மேடம், மிச்சம் இருக்கறதாவது உள்ள இருக்கட்டும்," என்றார் ஹாம். "சீட்டுல அவ பேரை முதல்ல பார்த்த வாரத்துலேருந்து பதினோரு மூச்சு அனுப்பியிருக்கேன். இப்பதான் பதில் வந்திருக்கு."