இரண்டாவது பம்ப்

ஒரு சரக்குக் கப்பலின் அடித்தளத்தில், கசிந்து சேரும் தண்ணீரை இறைத்து வெளியேற்ற இரண்டு பம்புகள் இருந்தன. ஒரு வாரம் ஒன்று ஓடினால் மறுவாரம் மற்றது ஓட வேண்டும் என்று சுவரில் அட்டவணையே ஒட்டியிருந்தார்கள்.

பெரிய பம்புக்குத் தன் தம்பியான இரண்டாவது பம்பின் மேல் உயிர். திங்கட்கிழமை மாற்றிவிட இன்ஜினியர் வரும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஓடிக்காட்டும். "நல்லா ஓடுறதை எதுக்கு நிறுத்தணும்?" என்று அவரும் மாற்றியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

"ஒரு நாளாவது நான் ஓடிப் பாக்கறேண்ணே" என்று தம்பி கெஞ்சியதுண்டு.

"நான் எதுக்குடா இருக்கேன்? நீ பேசாம படு."

அதில் பாசம் பாதிதான். தன்னை விட்டால் ஆளில்லை என்ற மிதப்பு மீதி. அதைப் பெரியது ஒப்புக்கொண்டபோது காலம் கடந்துவிட்டது.

ஒரு புயலில், நடுக்கடலில், பெரிய பம்பின் சுழல்தண்டு முறிந்தது. தண்ணீர் முழங்காலுக்கு ஏற, இன்ஜினியர் தம்பியின் சுவிட்சைத் தட்டினார். உறுமல் மட்டும் வந்தது. உள்ளே துரு இறுகிப் பிடித்திருந்தது.

"எந்திரிடா தம்பி!" என்று பெரியது கதறியது.

"எந்திரிக்கத்தாண்ணே பாக்கறேன்," என்றது தம்பி. "நீங்க படுக்க மட்டுந்தானே பழக்குனீங்க."