கடைசிக்கு முந்தினது

ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவசரம் அயெலன் என்ற அந்தப் பெண்ணுக்கு. ஊர் சுற்ற வந்தவள், இகிகே நகரத்தை ஒட்டிய மணற்குன்றின் உச்சியில் பாராகிளைடர் பெல்ட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, இன்னிக்கு இதுதானே கடைசி?"

அவளைப் பறக்கக் கூட்டிப்போகும் பைலட் லவுத்தாரோ, அவளுக்குப் பின்னால் தன்னையும் பூட்டிக்கொண்டு பதறினான். "வாயக் கழுவு. பறக்கறவங்க அந்த வார்த்தையச் சொல்ல மாட்டோம். கடைசிக்கு முந்தினதுன்னு சொல்லு."

அவளும் சிரித்தபடி அப்படியே சொன்னாள். இருவரும் ஓடினார்கள். காற்று தூக்கிக்கொண்டது. கீழே கூரைகள், பிறகு கடற்கரை. இறங்குவதற்குக் கால்களை நீட்டினாள்.

கால் பட்டதோ, கிளம்பிய குன்றின் உச்சியில். மணி நாலு பத்து. கிளம்பியபோதும் நாலு பத்துதான்.

ஒன்பதாவது முறையும் அங்கேயே இறங்கியபோது அவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "கடைசின்னு சொல்லிட்டா காத்து நம்மள விட்டுருமா?"

"விட்டுரும்," என்றான் லவுத்தாரோ, அவள் பெல்ட்டை இறுக்கியபடி. "நடுவானத்துல."