பூவுக்கு அருகே ஒரு கை

கொல்லிமலையில் ஆர்க்கிட் பூக்களைப் படமெடுக்கும்போது, அளவு தெரிவதற்காகப் பூவின் அருகே வழிகாட்டி சடையனின் கையை வைக்கச் சொல்வார் கல்லூரி வாத்தியார் அருணகிரி. 1936 தையில் கழுவிய கண்ணாடிப் படத்தகட்டில், எடுக்கும்போது முழுதாக இருந்த அந்தக் கைக்குச் சுண்டுவிரல் இல்லை. பூ துல்லியமாக விழுந்திருந்தது.

அடுத்த முறை சடையன் சுண்டுவிரல் இல்லாமல் வந்தான்.

“தூங்கி எந்திரிச்சுப் பாத்தனுங்க, காணோமுங்க சாமி. வலியே இல்லீங்க.”

அருணகிரி தகட்டைப் பற்றிச் சொல்லவில்லை. “கைய வையி” என்றார்.

ஒவ்வொரு தகட்டிலும் ஒரு விரல் குறைந்தது. பூக்கள் மேலும் தெளிவாக வந்தன. பங்குனித் தகட்டில் கையே இல்லை.

மறுவாரம் சடையன் மொட்டை மணிக்கட்டோடு வந்து நின்றான்.

“ஊட்டுல வேற யாரு இருக்கா?” என்று கேட்டார் அருணகிரி.

மறுநாள் பூவின் அருகே சடையனின் மனைவி பொன்னாயி கையை நீட்டினாள்.

“வளையல் படத்துல மினுங்கும். கழட்டி வெய்யி” என்றார்.