இரண்டரைக் கட்டைத் தந்தி

"செட்டியார், இவரைக் கேளாதேங்கோ. நல்ல தந்தியா நீங்களே பார்த்துக் குடுங்கோ!"

மலாயாவின் ஈப்போ நகரில் ஆர்மோனியமும் பிடிலும் விற்கிற உடையப்பனின் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சத்தம் போட்டார் கோயில் காரியதரிசி கார்த்திகேசு. அவர் பின்னால் தலையைக் குனிந்தபடி வந்தவர் இராஜசிங்கம். ரயில்வேயில் கிளார்க். பதினைந்து வருடமாகக் கோயில் மேடையில் பிடில் வாசிப்பவர்.

"என்ன ஆச்சுங்க?" என்றார் உடையப்பன்.

"போன மூண்டு கச்சேரியும் பாழ். நாலு கட்டையில பாடுற அப்பாவுவை இவர் இரண்டரைக் கட்டைக்கு இறக்கிப்போட்டார். கடைசி வரிசைக்கு ஒரு சொல்லும் கேக்கேல்லை. பாட்டுக்காரனுக்குத் தக்கபடி பிடில்காரன் சுருதி கூட்டுறதா, பிடில்காரனுக்காகப் பாட்டுக்காரன் இறங்கி வாறதா? எந்த ஊர் வழக்கம் இது?"

"என்ர விரல் முந்தின மாதிரி இல்லை. ஏத்தி வாசிக்கக் கஷ்டமா இருக்கு" என்றார் இராஜசிங்கம்.

மைக் எல்லாம் வராத காலம் அது. சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் அப்பாவு வாயைத் திறந்தால், கோயிலுக்கு வெளியே மாட்டுவண்டியில் உட்கார்ந்திருப்பவன்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்வான். அந்த அப்பாவு அடுத்த வாரம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுகிறார். இனித் திரும்பி வரப்போவதில்லை. வருகிற வெள்ளிக்கிழமைதான் அவருக்குக் கடைசிக் கச்சேரி.

"அண்டைக்கும் சுருதி இறங்கிச்செண்டால், எங்கட மேடையில உமக்கு இனி இடமில்லை. சொல்லிப்போட்டன்!"

கார்த்திகேசு விறுவிறுவென்று வெளியே போய் ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டார்.

உடையப்பனுக்கும் இராஜசிங்கத்தின் மேல் கோபம்தான். ஆனாலும் வந்தவர் வாடிக்கைக்காரர் ஆயிற்றே. மூன்று பொட்டலங்களைப் பிரித்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார்.

"இது எஃகு. வருசக்கணக்கா உழைக்கும். ஆனா விரலை அறுத்துரும், சத்தமும் கீச்சுன்னு வரும். இது ஆட்டுக்குடல்ல முறுக்குன மெல்லிய நரம்பு. நாதம் அப்படி இருக்கும். நம்ம ஊர் மழைக்கு ரெண்டு மாசம் தாங்குனா பெரிசு. இது தடிச்ச நரம்பு. நல்லாத் தாங்கும். ஆனா ரெண்டரைக் கட்டைக்கு மேல முறுக்குனா பிருடை ஆணி பிடிச்சு நிக்காது லா."

இராஜசிங்கம் மெல்லிய நரம்புகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் விரல்களுக்கு நடுவே மெதுவாக உருவினார். இரண்டைத் தள்ளி வைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அந்த இரண்டும் ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் சிறுத்திருந்தது உடையப்பனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஒருக்கா வாசிச்சுப் பார்க்கட்டே?"

கடைப் பிடிலில் தந்திகளை மாட்டி, நாலு கட்டைக்கு முறுக்கி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வில்லை வைத்தார்.

உடையப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்று வருடமாக யாருமே வாங்காமல் கிடந்த பிடிலா இது? மேல் ஸ்தாயியில் போய் நின்றபோது ஒரு பிசிறு இல்லை. எதிர்க்கடைச் சீனர் காப்பி ஆற்றுவதை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார். உடையப்பன் கைகள் தாமாகவே கும்பிட்டன. எவ்வளவு பெரிய மனிதரை இவ்வளவு நாளும் சாதாரண கிளார்க் என்று நினைத்திருக்கிறோம் என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

"ஐயா, இதையே கட்டித் தரவா?"

இராஜசிங்கம் தந்திகளைக் கழற்றி, துடைத்து, சுருட்டி வைத்தார்.

"இல்லை. அந்தத் தடிச்சதைத் தாங்கோ."

உடையப்பனுக்குச் சுருக்கென்றது. கும்பிட்ட கை கீழே இறங்கியது.

"உங்க விரலுக்கு ஒண்ணுமே இல்லையே! அப்ப வேணும்னுதான் அந்த மனுசனை எறக்குறீங்க. ஊரே அவரைக் கொண்டாடுதுன்னு பொறாமையா? கப்பல் ஏறப் போறவர் கடைசியா ஒருநாள் பேர் வாங்கிட்டுப் போகட்டுமேய்யா!"

இராஜசிங்கம் வாசலைப் பார்த்தார். சீனரும் போய்விட்டார், யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அவரைத் தோட்டத்துப் புகைக்கூடத்துக்கு மாத்தி ஒரு வருசம். நாள் முழுக்க ரப்பர் ஷீட்டைக் காயவைக்கிற புகை. மூண்டு கட்டைக்கு மேல போனால் குரல் உடையுது. பக்கத்தில இருக்கிற எனக்குத்தான் அது முதல்ல கேட்டது. சனத்துக்குக் கேக்க முந்திச் சுருதியை இறக்கிப்போட்டன். மெல்லிய தந்தியை இறக்கினால் தொளதொளத்துப் போகும். அதுதான் தடிச்சது கேக்கிறன்."

உடையப்பன் தடித்த நரம்பைப் பொட்டலமாகக் கட்டி அவர் கையில் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் உங்களை மேடையேத்த மாட்டாங்களே ஐயா?"

"ஓம்."

"அப்பாவு அண்ணனுக்காச்சும் இது தெரியுமா?"

"தெரியாது. தனக்குச் சளி எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்" என்றார் இராஜசிங்கம், தந்திப் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தபடி. "'வயசானா வெரலு அப்புடித்தாங்கய்யா. மனசு விட்றாதீங்க, நான் கப்பல் ஏறுற வரைக்கும் உங்களுக்காக எறங்கியே பாடுறேன்' எண்டு நேற்றுத்தான் எனக்கு ஆறுதல் சொல்லிப்போட்டுப் போனவர்."