இடப்பக்கத்து ஒடுக்குகள்

எங்கள் பழைய வேனின் இடப்பக்கத்தில் மூன்று ஒடுக்குகள் இருந்தன. ஒடுக்கெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வேனுக்குள் உட்கார்ந்து பள்ளத்தில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க, மற்றவர் வெளியிலிருந்து பள்ளத்தின் விளிம்பைச் சுத்தியலால் தட்டுவார். இருபது வருடமாக நான் உள்ளே பிடித்தேன், என் கணவர் தனபால் வெளியே தட்டினார். போன ஆடியில் அவர் இறந்துபோனார்.

வேனை வாங்கப் பொள்ளாச்சியிலிருந்து ஆள் வருவதாக இருந்த அன்று காலை, தனியாகவே தட்டிப் பார்த்தேன். முதல் அடியிலேயே உள்ளே யாரோ கட்டையைப் பிடித்திருப்பது கைக்குத் தெரிந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். யாரும் இல்லை. கட்டை சீட்டுக்கடியில் தூசியோடு கிடந்தது. திரும்பத் தட்டினேன். பள்ளம் மேலேறி வந்தது. பதினோரு மணிக்கு மூன்றும் சமமாகிவிட்டன. அதன்பின் எங்கே தட்டினாலும் வெறும் தகரம்தான். பிடித்தவர் போய்விட்டார்.

கொழுந்தன் பிரதீப் வந்து தகரத்தைத் தடவிப் பார்த்தான்.

"அண்ணன்கூட இப்படி எடுத்ததில்லீங்க அண்ணி. உள்ள ஆரு புடிச்சாங்க?"

"ஆரும் இல்ல தம்பி."

"ஒத்தையில எடுத்தீங்களாக்கும்! நம்பீட்டேன், போங்க. சாவி எங்கீங்க? அந்தாளு கோவிந்தாபுரம் தாண்டிட்டாராமா."

"பீரோ மேல இருக்குது, எடுத்துக்க."

அவன் வீட்டுக்குள் போனான். நான் வேனின் வலப்பக்கம் போனேன். அங்கே ஒரு கீறல்கூடக் கிடையாது. சுத்தியலை ஓங்கிக் கதவின் நடுவில் அடித்தேன். நன்றாக ஆழமாக விழுந்தது.

பிறகு விளிம்பில் மெல்லத் தட்டினேன். உள்ளே கட்டை வந்து அழுந்தியது.